பதினான்காம் மாடி வால்வு ஆம்ப்

ஜூன் 9

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். நீ நலமா என்று முதல் வரியிலேயே கேட்க வேண்டும் என்றாய். கேட்டாகிவிட்டது.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள்? தபால்தலை எங்கே விற்கிறார்கள் என்று கீழே செக்யூரிட்டி விசில் அண்ணனிடம் கேட்டேன். "ஏன் சார், கோர்ட்டு கேஸா?" என்றார். பெண்டாட்டிக்கு என்றேன். "அப்ப கேஸ்தான்" என்று சொல்லிவிட்டு விசிலை வாயில் வைத்துக்கொண்டார். போனில் பேசினால் நடுவில் லிஃப்ட் அழைப்பு வந்து அறுத்துவிடுகிறது, தாளை யாரும் ஹோல்டில் போட முடியாது என்று நீ சொன்னது நியாயம்தான். ஆனால் என் கையெழுத்தை நீயே படித்துக்கொள். திரும்பப் போன் செய்து இது என்ன எழுத்து என்று கேட்காதே.

லிஃப்ட் கம்பெனி மேனேஜரிடம் மறுபடி பேசினேன். எனக்குப் பதில் ஒரு ஆளை அனுப்புங்கள், மறுநாளே கிளம்புகிறேன் என்றேன். "பார்க்கலாம் தம்பி" என்றார். அவர் பார்க்கலாம் என்றால் கண்ணை மூடிக்கொள்ளப் போகிறார் என்று பொருள். இருந்தாலும் மாதக் கடைசிக்குள் வந்துவிடுவேன். நீ முதலில் போய் வேலையில் சேர், நான் பின்னால் வருகிறேன் என்று சொன்னேன் இல்லையா, சொன்னது சொன்னதுதான்.

வீடு நீ விட்டுப் போன மாதிரியே இருக்கிறது. சுவருக்கு அந்தப்பக்கம் லிஃப்ட் மோட்டார் அறை, இந்தப்பக்கம் நான். சமையலறை விளக்கு மினுக்குகிறது. போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் குளிக்கிறேன். நேற்று முடிவெட்டப் போனேன், பாதித் தலையில் அழைப்பு வந்துவிட்டது. ஏழாம் மாடி டாக்டர் லிஃப்ட் கதவுக்கு நடுவில் குடையை விட்டுவிட்டாராம். பாதி வெட்டிய தலையோடு ஓடி வந்தேன். மீதி இன்னும் வெட்டவில்லை.

நீ இல்லாத வீட்டில் பேச்சுத் துணைக்கு என் கிட்டார் ஆம்ப்தான். ஏழு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் ஒரு ஃபியூஸ் மாற்றினேன், ஒரு தடவை உள்ளே எரியும் பெரிய கண்ணாடி வால்வு ஜோடி மாற்றினேன். வேறு எந்தக் கோளாறும் இல்லை. வேறு ஆம்ப் வாங்க வேண்டும் என்று ஒரு நாள் கூடத் தோன்றியதில்லை. என்ன வேண்டும் சொல்? கண்ணாடி மாதிரித் தெளிவான சத்தமா, ஒரு சானல். லேசாகக் கரகரக்க வேண்டுமா, இரண்டாவது. அலற வேண்டுமா, மூன்றாவது. மேடைக்கு ஐம்பது வாட், வீட்டுக்கு ஐந்து வாட், ஒரே ஸ்விட்ச். அதுவும் அதிகம் என்றால் ஹெட்போன். என்னோடு கிட்டார் வாசித்தவர்கள் வருஷத்துக்கு ஒரு ஆம்ப் மாற்றினார்கள், இன்னும் திருப்தி இல்லாமல் அலைகிறார்கள். எனக்கு அந்தத் தொல்லை கிடையாது.

ஒரே குறை, அதுவும் ஆம்பின் குறை இல்லை. லிஃப்ட் ஓடினால் மோட்டாரின் இரைச்சலைக் கிட்டார் பிடித்துக்கொள்கிறது. சாயங்காலம் எல்லாரும் வேலை முடிந்து வரும் நேரம் ஒரு நிமிஷம் கூடச் சுத்தமான சத்தம் கிடைக்காது. உனக்குத் தெரிந்ததுதானே.

சாப்பிடு. குடை எடுத்துக்கொண்டு போ.

உன்,
எஞ்சினியர்


ஜூன் 17

என் எஞ்சினியருக்கு,

அன்பும், பாதித் தலைக்கு என் அனுதாபமும்.

கடிதத்தை மூன்று தரம் படித்தேன். மேனேஜருக்கு ஒரு பத்தி, தலைமுடிக்கு ஒரு பத்தி, ஆம்புக்கு ஒரு பக்கம். எனக்கு ஒரு குடை. பரவாயில்லை, கல்லூரிப் பஸ்ஸில் பின் சீட்டிலிருந்து நீ எழுதி அனுப்பிய முதல் துண்டுச் சீட்டும் இப்படித்தான் இருந்தது. "உன் பை என் கிட்டார் மேல் இருக்கிறது, எடு." அதைப் படித்துவிட்டுத்தான் நான் வாயைத் திறந்தேன், நீ வாயாடி என்று பெயர் வைத்தாய்.

என் கதையைக் கேள். வீடு கிடைத்துவிட்டது. தரைத்தளம். வாசலில் இரண்டு படி, அவ்வளவுதான், ஏறவும் வேண்டாம் இறங்கவும் வேண்டாம். முன்னால் ஒரு நீளமான அறை, பின்னால் சமையல், நடுவில் ஒரு சின்ன அறை. நடு அறையை உனக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் சைக்கிள் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடுவது தெரியும். மாடியில் வீட்டுக்கார அம்மா. வாடகையை விட அவருக்குப் பேச்சுதான் முக்கியம், எனக்கு ஏற்ற ஆள்.

மருத்துவமனையில் அதே வேலைதான். காது கேட்கும் திறனைப் பார்க்கும் அறையில், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஆள், இந்தப்பக்கம் நான். சத்தத்தை அனுப்பிவிட்டு, கேட்கிறதா, கையைத் தூக்குங்கள் என்று நாள் பூராவும் காத்திருக்கிறேன். பக்கத்து அறையில் எக்ஸ்ரே எடுக்கும் அக்கா ஒருவர். ஆள் பெரியவர், சிரிப்பு அதைவிடப் பெரியது. "நீ வீட்டிலயும் இதே வேலைதான் பாத்தியாமே" என்கிறார். நான் எதையோ உளறியிருக்கிறேன் போல.

முக்கியமான செய்தி. இங்கே ஐஸ் தொழிற்சாலையில் பராமரிப்புக்கு ஒரு எஞ்சினியர் தேடுகிறார்கள். போய்க் கேட்டேன். பகல் வேலை மட்டும். வேலை முடிந்தால் போன் வராது. உன்னைப் பற்றிச் சொன்னதும் வரச் சொல்லுங்கள் என்றார்கள். மாதக் கடைசிக்குள் வா. தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

லிஃப்டில் மாட்டிக்கொள்ளும் பயம் இல்லாமல் வேலைக்குப் போய் வருகிறேன். அதுவே ஒரு சுகம்.

உன்,
வாயாடி


ஜூன் 29

அன்புள்ள வாயாடிக்கு,

மாதக் கடைசி வந்துவிட்டது, நான் வரவில்லை. திட்டுவதற்கு முன் படி.

ஆள் வந்தான். நிஜமாகவே வந்தான். பையைக் கீழே வைத்து, மோட்டார் அறையைப் பார்த்து, இந்த வீட்டைப் பார்த்து, போனைப் பார்த்தான். "எந்நேரமும் அடிக்குமா சார்?" என்றான். ஆமாம் என்றேன். "லீவு?" என்றான். நான் சிரித்தது தப்பாகப் போய்விட்டது. மூன்றாம் நாள் காலை சாவி என் கதவுக் கைப்பிடியில் தொங்குகிறது, அவனைக் காணோம். மேனேஜர் என்னைத்தான் கேட்கிறார், பையனைப் பயமுறுத்திவிட்டாயா என்று.

நீ நினைப்பாய், விட்டுவிட்டு வர வேண்டியதுதானே என்று. ஒரு கட்டிடம் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. நடுவில் நின்றுபோனால் யார் திறப்பது? மோட்டார் பிரேக்கைக் கையால் தளர்த்தி லிஃப்டை மாடி மட்டத்துக்குக் கொண்டுவர இங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். கோபத்தில் எழுதாதே, கணக்குப் போட்டு எழுது.

லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதையைக் கடைசி வரியில் செருகியிருக்கிறாய். அன்றைக்கே விளக்கமாகச் சொன்னேன். கதவு கான்டாக்ட் தேய்ந்திருந்தது. உள்ளே இருந்த யாரோ கதவில் சாய்ந்ததும் தொடர்பு விட்டுப்போய் நின்றிருக்கிறது. புதிது மாட்டிவிட்டேன். அதன் பிறகு ஒரு தடவை கூட நிற்கவில்லை. ஹெட்போன் போட்டிருந்ததால் போன் கேட்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் ஹெட்போன் எதற்காக? நீ நாள் பூராவும் சத்தத்தோடு மல்லாடிவிட்டு வருகிறாய், வீட்டிலாவது அமைதி இருக்கட்டும் என்றுதான். இதற்கெல்லாம் யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள், தெரியும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆம்பை எப்படிக் கொண்டு வருவது? தூக்க முடியாத கனம். பஸ்ஸின் மேல் கட்டினால் வால்வு உடையும். பஸ்ஸுக்குள் வைக்க விட மாட்டார்கள். அதை இங்கே விட்டுவிட்டு வரச் சொல்லாதே. வேறு எதை வேண்டுமானாலும் விட்டுவிட்டு வருகிறேன்.

ஐஸ் கம்பெனியில் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்.

உன்,
எஞ்சினியர்

பி.கு. முடி வெட்டிவிட்டேன். அழைப்பு வரவில்லை.


ஜூலை 8

என் எஞ்சினியருக்கு,

கணக்குப் போட்டே எழுதுகிறேன்.

ஐஸ் கம்பெனி பொறுக்கிறது. இந்த மாதம் வரை. அதற்கு மேல் இயந்திரம் பொறுக்காது என்றார்கள்.

உன் மேனேஜர் உன்னைக் கட்டிப் போட்டிருப்பது ஒரு போனால்தான். கயிறு கூடக் கிடையாது.

ஆம்ப்தான் தடை என்றால் அதை முதலில் அனுப்பு. எக்ஸ்ரே அக்காவின் தம்பி லாரி பார்சல் ஆபீசில் இருக்கிறார். ஆஸ்பத்திரி சாமானெல்லாம் அவர்தான் ஏற்றி இறக்குகிறார், ஒரு கண்ணாடி உடைந்ததில்லை. வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்வார்கள். நீ கீழே வரைக்கும் கொண்டு வந்தால் போதும். லிஃப்ட் இருக்கிறதே.

வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "மொதல்ல சாமான் வரட்டும், சாமான் வந்தா ஆம்பள தானா பின்னாலயே வருவான்" என்கிறார். அவருடைய அனுபவம்.

ஹெட்போன் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். எனக்கு அமைதி வேண்டும் என்று நான் எப்போது கேட்டேன்? பகல் முழுக்க ஒற்றை ஒற்றைச் சத்தமாகக் கேட்டுவிட்டு வருகிறவள் நான். வீட்டுக்கு வந்தால் உன் முதுகு தெரியும், விரல் ஓடுவது தெரியும், ஒரு சத்தமும் வராது. கம்பி மட்டும் எறும்பு ஊர்கிற மாதிரி கேட்கும். நான் பேசுவேன், உன் தலை ஆடும். எனக்கா, பாட்டுக்கா என்று தெரியாது.

சரி, அது போகட்டும். அனுப்பு. வா.

வாயாடி


ஜூலை 19

அன்புள்ள வாயாடிக்கு,

அனுப்பிவிட்டேன்.

லாரி ஆட்கள் கீழே காத்திருக்க, நான் லிஃப்டில் ஆம்போடு இறங்கினேன். மூலை நான்கிலும் ஸ்பாஞ்ச், மேலே இரண்டு போர்வை. ஒன்று நம் கல்யாணத்துக்கு உன் பெரியம்மா கொடுத்தது, கோபித்துக்கொள்ளாதே, அதுதான் தடிமன். வால்வுகளைக் கழற்றித் தனிப் பெட்டியில், ஒவ்வொன்றையும் என் காலுறைக்குள் சொருகி வைத்திருக்கிறேன். துவைத்த காலுறைதான். விசில் அண்ணன் லாரியைப் பார்த்து, "சார், வீட்டைக் காலி பண்றீங்களா?" என்றார். பாதி காலி என்றேன்.

நான் வரும் வரை யாரும் தொடாமல் இருப்பது நல்லது. ஆனால் நீ தொடாமல் இருக்க மாட்டாய், அதனால் எழுதுகிறேன். வால்வுகளில் எண் ஒட்டியிருக்கிறேன், சாக்கெட்டிலும் அதே எண். வளைக்காமல் நேராக அழுத்து. பின்னால் ஸ்பீக்கர் வயர் சொருகியிருக்கிறதா என்று பார்க்காமல் ஆன் செய்யாதே. ஸ்பீக்கர் இல்லாமல் ஓடினால் டிரான்ஸ்பார்மர் போய்விடும், அது போனால் நான் போன மாதிரி. முதலில் பவர் ஸ்விட்ச், வால்வு சிவந்து சூடாகும் வரை பொறுமையாக இரு, பிறகு இரண்டாவது ஸ்விட்ச். குமிழ்களில் நான் வெள்ளைப் பேனாவால் கோடு போட்டிருக்கிறேன், அதுதான் சரியான இடம், திருகாதே. லிஃப்ட் மாதிரி பெரிய மோட்டார் பக்கத்தில் இருந்தால் இரைச்சல் வரும், பயப்படாதே, ஆம்ப் கெட்டுவிட்டது என்று நினைக்காதே.

கிட்டாரைக் கையோடு கொண்டு வருகிறேன்.

ஜூலை முப்பத்தொன்று, காலை பஸ். எழுதி வைத்துக்கொள். ஆம்பையே அனுப்பிவிட்டேன், இனி நான் வராமல் இருக்க முடியுமா?

அறையில் அது இருந்த இடத்தில் தரை வேறு நிறமாக இருக்கிறது.

உன்,
எஞ்சினியர்


ஆகஸ்ட் 5

எஞ்சினியருக்கு,

முப்பத்தொன்றாம் தேதி காலை பஸ் ஸ்டாண்டில் நின்றேன். கடைசியாக இறங்கிய கண்டக்டர் என்னைப் பார்த்து, "வேற யாரும் இல்லம்மா" என்றார். வீட்டுக்கு வந்த பிறகுதான் போனில் உன் செய்தியைப் பார்த்தேன். இரண்டாவது லிஃப்டின் கயிறு மாற்ற வேண்டும், அடுத்த வாரம். ஐஸ் கம்பெனிக்கு நானே போய்ச் சொன்னேன். வேறு ஆள் எடுத்துவிட்டார்கள்.

ஆம்ப் பத்திரமாக வந்தது. ஒன்றும் உடையவில்லை. உன் காலுறைகளைத் துவைத்து வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எக்ஸ்ரே அக்கா வந்தார். கல்யாணத்துக்கு முன் ஒரு மேடைக் குழுவில் கிட்டார் வாசித்தவராம், கையில் பழைய கிட்டாரோடு வந்து நின்றார். உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே வால்வு மாட்டினேன், ஸ்பீக்கர் வயரைப் பார்த்தேன், சூடாகும் வரை காத்திருந்தேன். சின்னதாக ஆரஞ்சு நிறம் வந்தது. அழகாகத்தான் இருக்கிறது.

அக்கா குமிழைத் திருகினார். நீ போட்ட வெள்ளைக் கோட்டை விட்டுத் திருகாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் திருகிவிட்டார். கரகரவென்று ஒரு சத்தம். போச்சு என்று நினைத்தேன். இல்லையாம், வருஷக் கணக்கில் தொடாத குமிழ் அப்படித்தான் கரகரக்குமாம், நாலு தரம் திருகினால் சரியாகிவிடுமாம். சரியாகிவிட்டது. இரண்டாவது சானல் அப்படி, மூன்றாவதும் அப்படி. ஐம்பது வாட் ஸ்விட்ச் இறுகிப்போய் நகரவே இல்லை, கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினார். பிறகு என்னைப் பார்த்து, "இவ்வளவு நல்ல வண்டிய ஏழு வருஷமா மொத கியர்லயே ஓட்டிருக்காரே உன் வீட்டுக்காரர்" என்றார்.

அப்புறம் வாசித்தார். நான் சுவரில் சாய்ந்திருந்தேன், சுவரே மார்பில் இடித்தது. ஜன்னல் கண்ணாடி கூடவே பாடியது. சைக்கிள் கடைக்காரர் டியூபைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். வீட்டுக்கார அம்மா படியிறங்கி வந்தார், இன்றைக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "இது நின்னதும் ஏன் இவ்வளவு வெறிச்சுன்னு ஆயிடுது?" என்றார்.

ஏழு வருஷமாக வீட்டிலிருந்த பொருள். அதன் குரலை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

வாயாடி


ஆகஸ்ட் 13

அன்புள்ள வாயாடிக்கு,

குமிழ் கரகரத்தால் அதற்கென்று ஒரு திரவம் இருக்கிறது, அதைத் தெளிக்க வேண்டும், சும்மா திருகக் கூடாது. அக்காவிடம் சொல். ஐம்பது வாட்டில் நீண்ட நேரம் ஓட்டினால் வால்வு ஆயுள் குறையும், அதையும் சொல்.

கயிறு இன்னும் வரவில்லை. மேனேஜர் அடுத்த வாரம் என்கிறார். பொய்யோ நிஜமோ, எனக்குத் தெரியாது, கேட்பதை நிறுத்திவிட்டேன்.

இங்கே எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். வேலை முடிந்து அறைக்கு வந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. சுவருக்கு அந்தப்பக்கம் மோட்டார் சுற்றுகிறது, நிற்கிறது, பிரேக் விழுகிறது, மறுபடி சுற்றுகிறது. முன்பெல்லாம் இது எனக்குக் கேட்டதே இல்லை. இப்போது எந்த மாடியிலிருந்து எந்த மாடிக்குப் போகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். மொட்டைமாடிக்குப் போனால் போனில் சிக்னல் கிடைக்காது. கீழே போனால் மேலே ஓட வேண்டும். நேற்று தெருமுனை வரை நடந்து பார்த்தேன், வேண்டுமென்றே. போன் அடிக்கவில்லை. அடிக்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

அதனால் ஒன்று கேட்கிறேன், வழக்கம் போல நேராகவே கேட்கிறேன். ஆம்பைத் திருப்பி அனுப்பு. கொஞ்ச நாளைக்குத்தான். புது ஆள் வந்ததும் நானும் அதுவும் சேர்ந்தே வருகிறோம். லாரிக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். இல்லாவிட்டால் இந்த அறையில் இருக்க முடியாது.

உன்,
எஞ்சினியர்


ஆகஸ்ட் 22

எஞ்சினியருக்கு,

அனுப்ப மாட்டேன்.

அது இருந்தால் அந்த அறையில் உன்னால் இருக்க முடியும் என்கிறாய். அதனால்தான் அனுப்ப மாட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். போன வாரம் எக்ஸ்ரே அக்கா உன் குறிப்பைப் படித்துவிட்டு, "இங்க இரைச்சலே இல்லையே, ஏன் இரைச்சல் வரும்னு எழுதிருக்கார்?" என்று கேட்டார். லிஃப்ட் ஓடினால் வரும் என்று விளக்கினேன். விளக்கும்போதுதான் இதை உனக்கு எழுதிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நான் மாட்டிக்கொண்ட அன்று இரண்டாவது லிஃப்டை நீயே பழுதுக்காக நிறுத்தி வைத்திருந்தாய். ஓடியது ஒன்றுதான். எல்லாரும் வீடு திரும்புகிற நேரம். பத்தாவது மாடிக்கும் பதினொன்றுக்கும் நடுவில் நின்றது. மணியை அடித்தேன். உனக்குப் போன் செய்தேன், செய்துகொண்டே இருந்தேன். விளக்கு அணைந்தது. உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் விசில் அண்ணன் படியேறி வந்து உன் கதவை உடைக்காத குறையாகத் தட்டியிருக்கிறார். நீ வந்தாய், திறந்தாய். முதலில் கேட்டது, "எந்த பட்டன அமுக்குன?" என்று. அது உன் தொழில், அதற்கு நான் வருத்தப்படவில்லை. அப்படித்தான் கேட்பாய் என்று உள்ளே இருக்கும்போதே நினைத்தேன், சிரிப்பு கூட வந்தது.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். ஞாபகம் இருக்கிறதா? நீ குஷியாக இருந்தாய். "இன்னைக்குச் சாயங்காலம் கொஞ்ச நேரம் இரைச்சலே இல்ல தெரியுமா. அவ்வளவு சுத்தம். வாங்குன நாள்லேருந்து இப்படி ஒரு சவுண்ட் கேட்டதில்ல" என்றாய்.

அது நான் உள்ளே இருந்த நேரம். லிஃப்ட் ஓடவில்லை, அதனால் இரைச்சல் இல்லை. கட்டிடத்தில் உள்ள அத்தனை பேரிலும், லிஃப்ட் நின்றுவிட்டது என்று அந்த நொடியே தெரிந்துகொண்டிருக்கக் கூடியவன் நீ ஒருவன். உனக்குத் தெரியவும் தெரிந்தது. நன்றாக இருக்கிறது என்று வாசித்துக்கொண்டிருந்தாய்.

நீ வேண்டுமென்று செய்யவில்லை, தெரியும். உனக்கு அது தோன்றவே இல்லை. என்னை ஊரை விட்டுக் கிளப்பியது அதுதான்.

இனி தேதி சொல்லாதே. பஸ் ஸ்டாண்டுக்கு நான் வர மாட்டேன். நடு அறையில் ஆம்ப் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அக்கா வருவார், மற்ற நாளில் அவர் இங்கே விட்டு வைத்த கிட்டாரில் நானே கம்பியை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறேன். நீ சொன்னது நிஜம்தான், ஆம்பைப் பற்றி ஒரு குறையும் சொல்வதற்கில்லை. எனக்கும் திருப்திதான். இப்படியே இருந்துவிடலாம் போல இருக்கிறது. அதுதான் பயமாகவும் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வாயாடி


செப்டம்பர் 2

அன்புள்ள வாயாடிக்கு,

படித்தேன். நீ எழுதியது சரி.

பதிலுக்கு இரண்டு பக்கம் எழுதினேன். திருப்பிப் படித்தால் அதில் பாதி கதவு கான்டாக்ட் பற்றி இருந்தது. கிழித்துவிட்டேன்.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். திங்கட்கிழமை மேனேஜருக்கும் குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கும் எழுதிக் கொடுத்தேன், வெள்ளிக்கிழமை முதல் இந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் பொறுப்பாளர் கிடையாது, ஆள் இல்லாத லிஃப்டை ஓடவிட மாட்டேன், நிறுத்திவிட்டுத்தான் போவேன் என்று. மேனேஜர், "பார்க்கலாம் தம்பி" என்றார். வியாழக்கிழமை வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் ஒவ்வொரு கதவாகத் தட்டி, நாளைக்கு வெளியே போகும் வேலை இருந்தால் இன்றைக்கே முடித்துக்கொள்ளுங்கள் என்றேன். திட்டியவர்களும் உண்டு, தண்ணீர் கொடுத்தவர்களும் உண்டு. ஒன்பதாம் மாடியில் ஒரு பெரியவர், "நீ இங்கயா குடியிருக்க?" என்று கேட்டார். அவரை நான் வந்த புதிதில் ஒரு தடவை லிஃப்டிலிருந்து வெளியே எடுத்திருக்கிறேன்.

வெள்ளி காலை இரண்டு லிஃப்டையும் தரைத்தளத்துக்குக் கொண்டுவந்து, கதவைத் திறந்து, ஆள் இல்லை என்று பார்த்து, மெயின் ஸ்விட்சை இறக்கினேன். ஏழாம் மாடி டாக்டர் படியில் இறங்கி வந்து மூச்சு வாங்கியபடி யாருக்கோ போன் செய்தார். செயலாளர் கத்தினார். நான் படியேறிப் போய் மோட்டார் அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். இத்தனை மாதமாகக் கிடைக்காத ஆள், மதியத்துக்குள் கருவிப்பையோடு படியேறி வந்து நின்றான். ஒருவன் இல்லை, இரண்டு பேர். நன்றாக வேலை தெரிந்தவர்கள். அவர்களில் ஒருவன், "நீங்க முன்னாடியே நிறுத்திருக்கலாமே சார், எங்களுக்கு இப்பதான் சொன்னாங்க" என்றான். பிரேக்கைத் தளர்த்துவது எப்படி என்று இருவருக்கும் காட்டினேன், அவர்கள் கையாலேயே செய்ய வைத்தேன். சாவியைக் கொடுத்தேன், போனைக் கொடுத்தேன். அது என் கையை விட்டுப் போகும்போதே அடித்தது. அவன் எடுத்தான்.

விசில் அண்ணன், "கேஸ் என்ன சார் ஆச்சு?" என்றார். தோற்றுவிட்டேன், மேல்முறையீட்டுக்குப் போகிறேன் என்றேன்.

உன் வீட்டுக்கு நேராக வர மாட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கும் வராதே. அங்கே எங்காவது ஒரு அறை பார்த்துக்கொள்கிறேன், வேலையும் தேடிக்கொள்கிறேன். லிஃப்ட் வேலை இல்லை, வேறு ஏதாவது. ஆம்ப் உன்னிடமே இருக்கட்டும். வெள்ளைக் கோடுகளைத் துடைத்துவிடு, ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வாசிக்கும்போது சைக்கிள் கடைப் பக்கம் வந்து நிற்பேன். நீ ஜன்னலைத் திறந்து வைத்தால் கேட்கும். நீ பேசினாலும் கேட்கும். கதவைத் திறக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது உன் கதவு.

இந்தக் கடிதத்துக்குப் பதில் போடாதே. வாங்கிக்கொள்ள இங்கே ஆள் இருக்காது.

உன்,
எஞ்சினியர்